வைகாசி அரிசி

புதுச்சேரியின் காலாப்பட்டு என்றதும் பலருக்கு மத்தியப் பல்கலைக்கழகமும் சிறைச்சாலையும்தான் நினைவுக்கு வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டிக் கடல் பக்கம் இறங்கினால் மீனவர் குப்பங்கள். அங்கே சித்திரையும் வைகாசியும் வற்றிய மாதங்கள். மீன் இனப்பெருக்கத்துக்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடை. 2017க்கு முன் 45 நாள்தான். விசைப்படகுகள் கரையேறிவிடும். கட்டுமரம் போன்ற நாட்டுப் படகுகளுக்கு விலக்கு. அரசு நிவாரணம் தருகிறது. ஆனால் தடை முடிகிற நேரத்தில்தான் பள்ளிக்கூடமும் திறக்கிறது. கம்மலும் வளையலும் அடகுக்கடைக்குப் போய்விடும்.

அப்படியொரு வைகாசியில், மளிகைக்கடையில் ஒரு மீன்கார அம்மா அரிசி, பருப்பு, அரை லிட்டர் எண்ணெய் வாங்கிக்கொண்டு நின்றார். கடைக்காரர் நீள நோட்டில் எழுதினார்; முகம் சுளிக்கவில்லை. "கடன் ஏறிக்கிட்டே போகுதேம்மா" என்று நான் வாயை விட்டேன். "கடன எப்படியும் கட்டிருவேன் சார். வைகாசியில அரிசி குடுத்தாரே, அத எதுல கட்டுறது?" என்றார். தடை முடிந்து படகு இறங்கியதும் பணம் தனியாக வருமாம். அதோடு ஒரு கூறு சங்கராவும் கடைக்காரர் வீட்டுக்குப் போகுமாம். அந்த மீன் எந்த நோட்டிலும் ஏறாது.

கையில் காசில்லாதபோது நன்றியோடு இருங்கள் என்று புத்தி சொல்வது வயிறு நிறைந்தவர்களின் வழக்கம். உள்ளதை வைத்துத் திருப்திப்படு, வாயை மூடு என்பதுதான் அதில் பாதிக்குப் பொருள். குப்பத்து நன்றி அந்த வகை இல்லை; அது வாயை மூடவைக்காது. புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புக் கல் கொட்டிய பிறகு, வடக்கே போகவேண்டிய மணல் தடைபட்டுப் பிள்ளைச்சாவடி, காலாப்பட்டுப் பக்கம் கரை அரித்தது; வீடுகள் கடலோடு போயின. அதற்கு இங்குள்ளவர்கள் சாலை மறியல் செய்வார்கள். மறியல் முடிந்து அதே கடைக்குப் போய் நலம் விசாரிப்பார்கள். யாருக்கு நன்றி, யாரிடம் கேள்வி என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை. படித்த நமக்குத்தான் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும் என்ற பயம்.

தடைக்காலத்தில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கட்டுமரத்தில் கிடைத்த நெத்திலியைச் சாலையோரம் கூறுகட்டி வைத்திருப்பார்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள்.