வர்ணம் வரை காத்திருக்க வேண்டுமா?

வயலின் கற்கத் தொடங்கிச் சில வருஷம் ஆன பிள்ளையிடம், "மோகனத்தில் உனக்குத் தோன்றியதைக் கொஞ்சம் வாசி" என்று சொல்லிப் பாருங்கள். "எதை வாசிக்கணும் சார்?" என்று கேட்கும். மோகன வர்ணத்தை இரண்டு காலத்திலும் பிசகில்லாமல் வாசிக்கிற பிள்ளைதான். ஐந்தே ஸ்வரங்கள்; விரலுக்கு எல்லா இடமும் பழக்கம். ஆனாலும் சொந்தமாக ஒரு வரி வராது. பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. சரளி வரிசை தொடங்கி நாம் கேட்டதெல்லாம், "நான் வாசித்ததைத் திருப்பி வாசி" என்பதுதானே?

மாயாமாளவகௌளையில் சரளி, ஜண்டை, பிறகு அலங்காரம், கீதம், ஸ்வரஜதி, வர்ணம் என்று போகும் நம் பாடமுறையில் ஒரு படியைக்கூட எடுத்துவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் இதே சங்கீதம்தான் ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம் என்று மனோதர்மத்துக்கு அத்தனை பெரிய இடம் கொடுத்திருக்கிறது. அது பத்து வருஷம் கழித்துத் தானாக வந்துவிடும் என்று நாம் இருந்துவிடுகிறோம். வருவதில்லை.

முதல் மாதத்திலேயே தொடங்கலாம். ஸட்ஜம் ஒன்று போதும். "தெருக்கோடியில் போகிற அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி வாசி" என்றால் வில் அழுந்திக் குதிரைப் பக்கம் நகரும். "தூங்குகிற பாட்டி பக்கத்தில் ரகசியம் சொல்கிற மாதிரி" என்றால் கை தானே இளகும். வில்லின் அழுத்தத்தைப் பற்றி நான் எவ்வளவு விளக்கினாலும் இது வராது.

கீதம் தொடங்கியதும் சாஹித்யம் முக்கியம். லால்குடி ஜெயராமன் வாசித்தால் வயலினில் சொல்லே கேட்கும் என்று ரசிகர்கள் சொல்வார்கள். சொல் பிரிகிற இடம் தெரிந்தால்தான் வில்லை எங்கே மாற்றுவது என்று தெரியும். அதனால் என்னிடம் பிள்ளைகள் பாடிவிட்டுத்தான் வாசிப்பார்கள். தெலுங்குக் கீர்த்தனையானால் அர்த்தமும் சொல்லிவிடுவேன். கெஞ்சுகிற வரியா, கோபித்துக்கொள்கிற வரியா என்று தெரியாமல் பாவம் எங்கிருந்து வரும்?

கல்பனாஸ்வரத்துக்கும் பெரிய ஆயத்தம் வேண்டாம். ராமநாதபுரம் ஸ்ரீனிவாச ஐயங்காரின் மோகன வர்ணம் காந்தாரத்தில் எடுக்கிறது. ஆதி தாளத்தில் அரை ஆவர்த்தனம். ச, ரி, க மட்டும். கடைசியில் ரிஷபத்தில் நின்று பல்லவியைப் பிடிக்க வேண்டும். ஐந்து ஸ்வரத்தையும் கொடுத்தால் திகைக்கிற பிள்ளை மூன்றைக் கொடுத்தால் துணிந்து இறங்குகிறது. இடம் குறுகும்போது பயமும் குறைகிறது.

வாசித்து முடித்ததும், "சரியா சார்?" என்று வரும். "உன் காதுக்கு எப்படி இருந்தது?" என்று திருப்பிக் கேளுங்கள். மோகனத்தில் நிஷாதம் விழுந்திருந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும்; அது ராகத்தின் கட்டு. வெறுமே அழகு போதாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். "இப்படி வாசித்திருக்கலாமே" என்று உடனே நம் வயலினை எடுக்கக் கூடாது. இளம் ஆசிரியர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது இதைத்தான். நாம் வாசித்த கணமே பிள்ளை தன் வரியை விட்டுவிட்டு நம்முடையதைப் பிடித்துக்கொள்ளும்.

போட்டிக்காகக் கல்பனாஸ்வரத்தை நோட்டில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைப்பதும் நடக்கிறது. பரிசுகூடக் கிடைக்கிறது. எனக்கு இதில் ஆழ்ந்த வருத்தம் உண்டு. கற்பனை என்று பேர் சொல்லி இன்னொருவர் கற்பனையை ஒப்பிக்க ஒரு குழந்தையைப் பழக்குகிறோம். அந்த நேரத்தில் ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத் தோடியைக் கேட்க வைக்கலாம். அடுத்து வேறொரு வித்வானின் தோடி. எது பிடித்தது, ஏன் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் அசத்துவார்கள்.

பெற்றோரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் பிள்ளை பாடத்தை விட்டுவிட்டு ரயில் சத்தமோ சினிமாப் பாட்டோ வாசித்துக்கொண்டிருந்தால், "ஒழுங்கா பாடத்தை வாசி" என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுக்காதீர்கள். கைப்பேசியில் படம் எடுத்து உறவினர்களுக்கு அனுப்பவும் வேண்டாம். யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் அது அடுத்த நாள் தெரிந்த பாடத்தை மட்டும்தான் வாசிக்கும்.