கிழித்த தாளும் வளைந்த கோடும்



திண்டுக்கல்லில் நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவில், சென்ற ஆண்டு ஒரு மாணவன் பாட நேரத்தில் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மைப்பேனாவால் வரைந்துகொண்டிருந்தான். மனித உருவம் என்று கண்டதும் தாளைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டோம். அவன் அழவில்லை, தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

மாலையில் அறையைப் பூட்டும்போது அத்துண்டுகள் கண்ணில் பட்டன. சேர்த்து வைத்துப் பார்த்தோம். கண், மூக்கு, வாய் எதுவுமில்லை. தடித்து வளைந்த ஒரே கோடு. சுற்றிலும் சிதறிய மைப்புள்ளிகள். சற்றுத் தள்ளிப் பிடித்தபோதுதான் முதியவர் ஒருவர் ஸஜ்தாவில் இருப்பது தெரிந்தது. முந்திய மாதம் அவனுடைய நன்னா வஃபாத்தானதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இத்தகைய வரைதல் தமிழகத்துக்குப் புதிதன்று. துறையூரை அடுத்த கீராம்பூரில் 1938-இல் பிறந்த ஓவியர் ஆதிமூலம், 1969-ஆம் ஆண்டு காந்தி நூற்றாண்டையொட்டி, காந்தியடிகளைக் கறுப்பு மையில் பல கோட்டோவியங்களாகத் தீட்டினார். அருகில் பார்த்தால் குறுக்கும் நெடுக்குமான கோடுகள். விலகிப் பார்த்தால் காந்தியார். பின்னாளில் அவர் உருவத்தையே விட்டு அரூப வண்ணங்களுக்குச் சென்றார், 2008-இல் மறைந்தார். உருவத்துக்கும் அரூபத்துக்கும் இடையில் அவர் நின்ற இடத்தில்தான் இச்சிறுவனின் கோடும் நின்றது.

உயிருள்ளவற்றை வரைவது குறித்த எச்சரிக்கை ஹதீஸ்களில் உள்ளது. முகமில்லாத உருவம் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. அதைத் தீர்த்துவைக்க நாம் இதை எழுதவில்லை. ஓவியர் ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் தம் தொழில் பற்றித் தீர்ப்புக் கேட்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அவர்கள் அம்மனிதரை அருகில் அழைத்து, தலையில் கை வைத்து, அதன்பிறகே எச்சரிக்கையைச் சொன்னார்கள். வரைந்தே தீரவேண்டுமானால் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையலாம் என்று வழியும் காட்டினார்கள். நாமோ இச்செய்தியைப் பலமுறை பாடமாக நடத்தியும், அந்தக் கையை மறந்துவிட்டோம்.

மறுநாள் அவனை அழைத்துத் தலையில் கை வைத்தோம். கிழித்தது நம் தவறு என்றோம். நெடுநேரம் கழித்துப் பேசினான்:

"நன்னா முகம் சரியா ஞாபகம் வரல ஹஜ்ரத். அவங்களுக்குப் பின் ஸஃப்லதான் நிப்பேன். முதுகுதான் ஞாபகம் இருக்கு."

நம்மால் பதில் சொல்ல இயலவில்லை. பிறகு மார்க்கத்தின் எல்லையை அவனுக்குப் பொறுமையாக விளக்கினோம். துண்டுகளை ஒட்டி அவன் கையிலேயே கொடுத்தோம்.

பெற்றோர்களே, சட்டம் சொல்வது நம் கடமை. ஆனால் பிள்ளை எதை வரைகிறது என்று கேட்ட பிறகு சொல்வோம்.

இப்போது அவன் சிறுமலையை வரைகிறான். அதுவும் குனிந்த முதுகு போலவே வருகிறது. அல்லாஹ் அவனுடைய நன்னாவின் ஸஜ்தாக்களை ஏற்றுக்கொள்வானாக. நம் அவசரத்தை மன்னிப்பானாக. ஆமீன்.