கம்பிவேலிக்கு இப்பால்

மகளைப் பார்க்கப் பெங்களூர் போயிருந்தேன். மூன்றாம் நாள் மாலை, "ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்ப்பா, கேலி பண்ணக் கூடாது" என்றாள். போன இடம் பழைய கிடங்கு மாதிரி இருந்தது. உள்ளே சுவர்கள் பல கோணங்களில் நம்மை நோக்கிச் சாய்ந்து நின்றன. உயரம் பதினைந்து அடிக்கு மேல் இராது. அவற்றில் மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாகப் பிளாஸ்டிக் பிடிகளை முடுக்கியிருந்தார்கள். ஒரே நிறப் பிடிகளை மட்டும் பற்றிக்கொண்டு உச்சியைத் தொடவேண்டும். கயிறு கிடையாது. விழுந்தால் தாங்கக் கீழே கனத்த மெத்தை.

நான் கேலி செய்யவில்லை. ஆனால் கொடைக்கானல்காரனின் அலட்சியம் உள்ளே எழுந்தது வாஸ்தவம். தூண்பாறையின் நானூறு அடிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவனிடம் பிளாஸ்டிக் மலையைக் காட்டுகிறாளே. மனம் ஒரு கட்டுரையைத் தொடங்கிவிட்டது: 1964-ல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டான் ராபின்சன் என்பவர் ஒரு நடைவழிச் சுவரில் கற்களைப் பதித்தார், அறுபதே ஆண்டுகளில் அந்தப் போலி, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பதக்கம் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. இப்படி.

எதிரே ஒரு பெண் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தாள். விழுவாள், உட்கார்ந்து சுவரையே பார்ப்பாள், கைகளைக் காற்றில் அசைத்து ஒத்திகை பார்ப்பாள், விரல்களில் வெள்ளைப் பொடியைப் பூசிக்கொண்டு மறுபடி போவாள். யாரும் சிரிக்கவில்லை. என் மகளின் முறை வந்தது. அவள் உள்ளங்கைகள் காய்த்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன். சின்ன வயதில் அவளிடம் நான் ஓயாமல் சொன்னது "பாறைப் பக்கம் போகாதே" என்பது. என் அப்பா என்னிடம் சொன்னதும் அதுவே.

இறங்கி வந்தவள் மூச்சு வாங்கியபடி கேட்டாள்: "நீங்க தூண்பாறையத் தொட்டிருக்கீங்களாப்பா?"

மனதில் ஓடிக்கொண்டிருந்த கட்டுரை அங்கே நின்றுவிட்டது.

தொட்டதில்லை. எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கம்பிவேலிக்கு இப்பால் நின்று, ஊரிலிருந்து வந்த உறவினர்களோடு, மூடுபனி விலகக் காத்திருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் மலையின் பாறைவகைக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்துத் தாமஸ் ஹாலண்ட் 1893-ல் அதற்கு அந்தப் பெயரை வைத்தார் என்பதெல்லாம் தெரியும். அதன் சொரசொரப்பு தெரியாது. 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் அங்கே வீடு கட்டிக்கொண்டபோது, மலையைக் காட்சியாகப் பார்க்கும் ஒரு கண்ணும் கூடவே குடியேறியது. நான் அந்தக் கண்ணின் வாரிசு. அவர்களுக்கு வெகு காலம் முன்பிருந்தே அங்கிருக்கும் பளியர்களுக்குப் பாறை என்பது தேன் இருக்கும் இடம். கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு செங்குத்தில் இறங்குவார்கள். மேற்கு மலைத்தொடரில் தேனெடுக்கும் குடிகள் சிலவற்றில், மேலே கயிற்றைக் காப்பவன் இறங்குகிறவனுடைய மனைவியின் உடன்பிறந்தவன். தங்கை தாலியறுக்க அவன் சம்மதிக்கமாட்டான் என்ற கணக்கு. அங்கே மெத்தையின் வேலையை உறவு செய்கிறது.

சுவரும் பாறையும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. சுவரில் வழி உண்டு என்பது முன்கூட்டியே நிச்சயம். யாரோ ஒருவர் யோசித்துத் திருகி வைத்தது அது. பிறகு ஒருநாள் கழற்றி வேறொன்றை அமைப்பார்கள். பாறை அப்படி எதையும் நமக்காக யோசித்து வைக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் விரல்கள் அந்தச் சுவரை அறிந்திருந்த அளவுக்கு என் மலையில் எதையும் என் விரல்கள் அறியவில்லை. எது போலி என்ற கேள்வியை நான் தப்பான இடத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று தோன்றுகிறது.

"ஏறிப் பாருங்கப்பா" என்றாள். வாடகைக் காலணி விரல்களை நெரித்தது. மூன்று மஞ்சள் பிடிகள் சுலபமாக வந்தன. நாலாவதில் முன்னங்கை கல்லாக இறுகியது. கீழே பார்த்தேன், நாலடிதான். மெத்தை இருப்பதும் தெரியும். இருந்தும் உடம்பு அப்பாவின் வார்த்தையைத்தான் கேட்டது. விரல்கள் தாமாகவே விட்டன. மல்லாக்க விழுந்து கிடந்தபோது, சிறுவயதுக்குப் பிறகு நான் விழுவது இதுவே முதல் தடவை என்று நினைத்துக்கொண்டேன். மகள் சிரித்தாள். நானும்.

ஊர் திரும்பிய மறுநாள் தூண்பாறைக்குப் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் பாறை ஒன்று இருக்கிறது. ஆள் உயரந்தான். அதன்மேல் உள்ளங்கையை வைத்தேன். வெயிலிலும் குளிர்ந்திருந்தது. ஏற வழியில்லாத மொட்டைப் பாறை என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். தடவிப் பார்த்தால் இரண்டு பிடிகள் இருக்கின்றன.