அப்பீல் இல்லாத தீர்ப்பு

திங்கள், பாபநாசம்

ஹார்வி கம்பெனி தாமிரபரணித் தண்ணீரின் விசையை நம்பி 1885இல் பஞ்சாலை தொடங்கிய இடம் இது. பக்கத்து விக்கிரமசிங்கபுரம் மில் சங்கைக் கேட்டு வளர்ந்த ஊர். சார்ஜ் மெமோ, சஸ்பென்ஷன், என்கொயரி எல்லாம் இங்கே வீட்டுப் பேச்சு. இன்று டீக்கடையில் சங்கத்துப் பெரியவரைத் தேடி ஒரு இளைஞர் வந்தார். வெளியூர் ஆலையில் மேற்பார்வையாளரை அடிக்கக் கை ஓங்கியதாகக் குற்றச்சாட்டு, உள்விசாரணை, டிஸ்மிஸ். லேபர் கோர்ட்டும் அதைச் சரி என்றுவிட்டது.

“அண்ணாச்சி, மேல அப்பீல் போயிரலாம்லா?”

“அப்பீலே கெடையாதுடே. ரிட்டுதான்.”

செவ்வாய்

ஒரு காலத்தில் அப்பீல் இருந்தது. 1950ஆம் வருடச் சட்டம் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை உண்டாக்கியது. சென்னை பக்கிங்ஹாம் கர்நாட்டிக் ஆலை வழக்கில், நிர்வாகத்தின் தண்டனையில் எப்போது தலையிடலாம் என்று 1951இல் அது வரையறுத்தது: பழிவாங்கல், கெட்ட நோக்கம், இயற்கை நீதி மீறல் போன்றவை இருந்தால் மட்டும். வழக்குகள் இழுத்தடிப்பதாகப் புகார் எழுந்து, 1956இல் அந்தத் தீர்ப்பாயத்தையே கலைத்துவிட்டார்கள்.

வேறு கதவு 1971 டிசம்பர் 15 அன்று திறந்தது. தொழில் தகராறுச் சட்டத்தில் சேர்ந்த 11ஏ பிரிவு, சாட்சியத்தைத் தானே எடைபோடவும் தண்டனையைக் குறைக்கவும் லேபர் கோர்ட்டுக்கு அதிகாரம் தந்தது. 1973இல் ஃபயர்ஸ்டோன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

வியாழன், மதுரை

2004 முதல் தென்மாவட்டத்தாருக்குச் சென்னைப் பயணம் மிச்சம். உயர் நீதிமன்றக் கிளை இங்கேயே இருக்கிறது. ஆனால் இங்கே போடும் ரிட் மனுவில் சாட்சிகளை மறுபடி கூண்டில் ஏற்ற மாட்டார்கள். லேபர் கோர்ட் அதிகாரத்தை மீறியதா, ஆதாரமே இல்லாமல் முடிவெடுத்ததா என்றுதான் பார்ப்பார்கள். அரசியல் சட்டத்தின் 226ஆம் பிரிவில் தனி நீதிபதி தரும் உத்தரவை எதிர்த்து இரு நீதிபதிகள் அமர்வுக்குப் போகலாம். 227 என்றால் அந்த வழியும் இல்லை. மனுவின் தலைப்பில் எந்த எண் என்பது இவ்வளவு பெரிய சங்கதி!

இரக்கத்தை நம்பிப் போவதும் ஆபத்து. புனே பாரத் ஃபோர்ஜ் ஆலையில் 1983இல் வேலைநேரத்தில் தூங்கிப் பிடிபட்ட ஒருவருக்கு லேபர் கோர்ட் வேலையைத் திருப்பித் தந்தது. அவருக்குப் பழைய தண்டனைகளும் இருந்தன. 2005இல் உச்ச நீதிமன்றம் வேலைநீக்கமே சரி என்றது. இடையில் போனது 22 வருடம்.

வெள்ளி

பெரியவர் இன்று தொழில் தகராறுச் சட்டத்தின் 17பி பிரிவைப் பிடித்துக்கொண்டார். வேலையைத் திருப்பிக் கொடு என்ற தீர்ப்பை எதிர்த்து முதலாளி உயர் நீதிமன்றம் போனால், வழக்கு முடியும்வரை தொழிலாளிக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். வேறு வேலையில் இல்லை என்று தொழிலாளி பிரமாணப் பத்திரம் தந்தால் போதும். தோற்றுப்போன தொழிலாளி போனால்? ஒரு பைசா இல்லை. லேபர் கோர்ட்டில் ஜெயிப்பவருக்கும் தோற்பவருக்கும் மதுரை பஸ் டிக்கெட் ஒரே விலை, காத்திருப்பின் விலை வேறு.

அதனால் சண்டை உள்விசாரணையிலேயே நடக்க வேண்டும் என்பது பெரியவர் கட்சி. இளைஞர் அங்கே குறுக்கு விசாரணையே செய்யவில்லை. கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறார்.

ஞாயிறு

தொழில் தகராறுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 அன்று தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தது. வேலைநீக்கத்தை எதிர்த்துத் தீர்ப்பாயம் போக இருந்த மூன்று வருடக் கெடு அதில் இரண்டாகக் குறைந்திருக்கிறது. சார்ஜ் மெமோ கையில் இருப்பவர்கள் விசாரணைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மதுரையில் பிரிக்கப்படுவது அந்த விசாரணைக் கட்டுதான்.