ஹீட்டர் யாருக்குத் தேவை?

எங்கள் பழைய வண்டியின் ஹீட்டர் கோர் ஒழுகியது. காலடியில் கூலன்ட், கண்ணாடியில் பிசுபிசுப்பு. “நம்ம வெயிலுக்கு ஹீட்டர் எதுக்கு? ரெண்டு ஹோஸையும் சேர்த்து விட்டுடலாம்” என்றார் மெக்கானிக்.

வடக்கனந்தலுக்கு அது சரி. ஆனால் மார்கழி இரவில் பிரசவ வலியோடு ஒரு பெண்ணை வெள்ளிமலையிலிருந்து கீழே அழைத்து வரும்போது, கண்ணாடியின் உள்பக்கம் படியும் ஆவியை விலக்குவது அந்தச் சூடான காற்றுதான்.

நாங்களே இறங்கினோம். எஞ்சின் ஆறியபின் கூலன்ட்டை வடித்து, டேஷ்போர்டைக் கழற்றி, எந்தத் திருகு எங்கே என்று எழுதிவைத்தோம். புதிய கோரை மாட்டி, கூலன்ட் நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி முடிக்க இரண்டு நாள் ஆனது.

தோழர்களே, மலைக்கு எது தேவையில்லை என்று சமவெளியில் உட்கார்ந்தே முடிவெடுக்கிறோம். அடுத்த மனுவை எழுதும் முன் மேலே போய் ஓர் இரவு தங்குங்கள்.