வண்டின் பருவம்

பேதை முதற் பேரிளம்பெண் ஈறாக மகளிர்க்கு ஏழு பருவம் வகுத்து, ஆண்டுக் கணக்கும் உடன் கூறினர் நம் முன்னோர். உலா இலக்கியங் கற்பிக்குந் தோறும் மாணவர் அதனை ஒப்புவிப்பர். தென்னங் குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டுக்கோ சாதகம் எழுதுவார் இலர். அதன் வயதை அதன் உடலிலேதான் வாசித்தறிதல் வேண்டும்.

தமிழாசிரியருக்கு வண்டோடு என்ன வழக்கென அன்பர்கள் வினவலாம். எம் வளவில் நட்ட 11 தென்னம்பிள்ளைகளுள் 4 குருத்தழிந்து பட்டுப்போயின. எஞ்சியவற்றின் வட்டிலிருந்து கம்பியாற் குத்தியெடுத்த வண்டுகளை விலங்கியல் ஆசிரியரான நண்பரிடம் கொண்டு சென்றோம்.

வயிற்றின் கடைநுனி மயிரடர்ந்திருப்பின் அது பெண் என்றார் அவர். கூட்டுப்புழு நிலை நீங்கிய வண்டு உடனே பறப்பதில்லை. ஓடு இறுகிக் கருக்கும்வரை உள்ளேயே கிடக்கும். புதிதாய் வெளிவந்ததன் முன்காற் பற்கள் கூரியவை. மரத்தையும் உக்கிய குற்றியையும் குடையக் குடைய அவை மழுங்கும், மயிரும் உதிரும். ஆயினும் தேய்வொன்றையே நம்புதல் தகாது. கடிதுழைத்தது இளமையிலேயே தேய்ந்திருக்கும். எம் தொழிலிலும் அத்தகையோரைக் கண்டுள்ளோம்!

உறுதியான சான்று சூலகமே. நண்பர் வண்டைப் பிளந்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தார். முட்டையிடாத இளம் பெண்ணின் சூற்குழாய்கள் நூல்போல் மெலிந்திருந்தன. முதிர்ந்ததில் வெண்முட்டைகள் நிரை நிரையாய் நின்றன. முட்டை நீங்கிய குழாயின் அடியிலோ மஞ்சள் நிறத் தழும்பொன்று எஞ்சியிருந்தது. அத்தழும்புடையது ஈன்ற வண்டு, இதில் ஐயமில்லை.

நாம் கொண்டு சென்ற 5 பெண் வண்டுகளுள் 3 தழும்புடையன. ஒரு பெண் வாழ்நாளில் 50 முதல் 100 முட்டைவரை இடும். வண்டைக் கொன்று மரத்தைக் காத்தோமென மகிழ்ந்திருந்த வேளையிலே, அதன் வழித்தோன்றல்கள் எங்கோ வளர்ந்துகொண்டிருந்தன. எங்கே? வீட்டுக்குத் திரும்பியதும் எம் எருக்குவியலைக் கிளறினோம். பெருவிரற் பருமனுள்ள வெண்புழுக்கள் சுருண்டு கிடந்தன.

மரத்திலே உண்டு எருவிலே முட்டையிடும் இவ்வண்டு, 1909 அளவில் இலங்கையிலிருந்து இரப்பர் நாற்றுகளோடு சமோவாத் தீவை அடைந்து, பின்னர்ப் பசிபிக் தீவுகள் பலவற்றின் தென்னைகளுக்கும் பகையாயிற்று. கடல் கடந்ததற்கு எம் வேலி எம்மாத்திரம்!

முட்டை வண்டாவதற்கு மாதங்கள் பல செல்லும். ஆகலின் இரு மாதத்துக்கொருமுறை எருவைப் புரட்டுகிறோம். மண்வெட்டியின் ஒலி கேட்டதும் வீட்டுக் கோழிகள் எமக்கு முன்னரே அங்கு வந்து நிற்கின்றன.