பெட்டியை வைத்துவிட்டுப் போகும் பேட்டை

காலை ஆறு மணிக்கே ஆக்ரா பஸ் ஓட்டல் வாசலில் உறுமத் தொடங்கிவிடும். மதுரையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வந்த குடும்பங்கள் குரங்குக் குல்லாயும் மஃப்ளருமாகத் தூக்கக் கலக்கத்தில் ஏறி உட்காருகின்றன. தாஜ்மகாலைப் பார்த்துவிட்டு இரவு திரும்பினால் மறுநாள் குதுப்மினார், செங்கோட்டை, ராஜ்காட். அதற்கு மறுநாள் ஹரித்வார். இடையில் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் அஜ்மல் கான் சாலையில் ஸ்வெட்டர், சுடிதார், அவற்றை அடைத்துக்கொண்டு போக ஒரு புதுப் பெட்டி. தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்குச் சுற்றுலா வருகிறவர்களில் ஏராளமானோர் தங்குவது கரோல் பாகில்தான். பார்க்காமல் போவதும் அதைத்தான்.

பார்க்க என்ன இருக்கிறது? கோட்டை கிடையாது. கோபுரம் கிடையாது. பாக் என்றால் தோட்டம், அதுவும் கிடையாது. மின்கம்பிகள் கொடிகளைப் போலப் பின்னிக் கிடக்கும் சந்துகளும் ஒன்றன்மீது ஒன்று சாய்ந்து நிற்கும் பெயர்ப் பலகைகளும்தான் முதலில் கண்ணில் படுகின்றன. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தில்லி எப்படி உருவானது என்பதை நடந்தே தெரிந்துகொள்ள இதைவிடத் தோதான இடம் இல்லை. இங்கே குடியேறியவர்களில் ஆசைப்பட்டு வந்தவர்கள் குறைவு. கிளப்பி விடப்பட்டவர்கள், துரத்தப்பட்டவர்கள், பிழைப்புக்காக ரயிலேறியவர்கள், இவர்கள்தான் அதிகம்.

முதலில் வந்தவர்கள் கிராமத்தார். 1911இல் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்பட்டது. புது நகரத்தின் நடுவே கன்னாட் பிளேஸ் என்ற வட்டக் கடைவீதியைக் கட்டத் திட்டமிட்டபோது மாதோகஞ்ச், ஜெய்சிங்புரா, ராஜா கா பஜார் ஆகிய இடங்களில் இருந்த வீடுகள் குறுக்கே நின்றன. அங்கிருந்தவர்கள் இருபதுகளில் மேற்கே, பாறையும் புதருமாகக் கிடந்த பகுதிக்கு அனுப்பப்பட்டார்கள். பளிங்குத் தூண்களைப் போல வெள்ளையடித்து நிற்கும் கன்னாட் பிளேஸின் மறுபக்கம்தான் கரோல் பாக்.

அந்தப் பாறையும் புதரும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. மெட்ரோ ரயில் 2005 டிசம்பர் 31இலிருந்து இந்தப் பக்கம் ஓடுகிறது. ஜண்டேவாலான் நிலையத்தைத் தாண்டியதும் 108 அடி உயர அனுமார் ரயிலுக்கு வெகு அருகில் எழுந்து நிற்பார். தில்லியைக் காட்டவேண்டுமென்றால் சினிமாக்காரர்கள் இப்போது இந்தியா கேட்டை விட்டுவிட்டு இந்த அனுமாரையும் மெட்ரோவையும் சேர்த்துத்தான் படமெடுக்கிறார்கள். அவருக்குப் பின்னால் தொடங்குகிறது ரிட்ஜ், அதாவது ஆரவல்லி மலைத்தொடரின் வால் நுனி. உள்ளே ‘பூலி பட்டியாரி கா மகல்’ என்ற 14ஆம் நூற்றாண்டு வேட்டை மாளிகை. பெரோஸ் ஷா துக்ளக் காலத்தது. வழி தவறிய சத்திரக்காரியின் மாளிகை என்று பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். பூ அலி பக்தியாரி என்ற சூஃபியின் பெயர்தான் வாய் மாறி இப்படி ஆயிற்று என்பாரும் உண்டு. பேய் நடமாட்டம் பற்றிய கதைகளுக்குக் குறைவில்லை. 2023இல் தில்லி சுற்றுலாத் துறையே இங்கே பேய் உலா ஒன்றைத் தொடங்கியது. ஓட்டல்கள் நிறைந்த பேட்டையின் எல்லையில் ஒரு சத்திரக்காரி காவல் இருப்பது பொருத்தம்தான். பகலில் போவது நல்லது, பேய்க்காக அல்ல, ஆளரவம் இல்லை என்பதற்காக. சுற்றிலும் வளர்ந்திருக்கும் மரத்தை இந்திக்காரர்கள் ‘விலாயதி கீகர்’ என்கிறார்கள். ராமநாதபுரத்துக்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. நம் சீமைக்கருவேலம்தான். அதுவும் இங்கே குடியேறியதே.

அனுமாரிடமிருந்து மேற்கே போகும் பெரிய சாலைக்கு பூசா சாலை என்று பெயர். பெயரும் இடம்பெயர்ந்து வந்தது. பூசா பீகாரில் உள்ள ஊர். 1905இல் அங்கே நிறுவப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1934 ஜனவரி பூகம்பத்தில் நொறுங்கியது. இரண்டு ஆண்டுகளில் நிலையத்தை தில்லிக்குக் கொண்டுவந்தார்கள். கூடவே ஊர்ப் பெயரும் வந்து சாலையில் ஒட்டிக்கொண்டது. பசுமைப் புரட்சிக் கோதுமை வயல்கள் இந்தச் சாலையின் மேற்குக் கோடியில்தான் இருக்கின்றன. அறுபதுகளின் பிற்பகுதியில் அந்த நிலையத்தின் இயக்குநர் நாற்காலியில் இருந்தவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன்.

பூசா சாலையிலிருந்து வடக்கே பிரிவது அஜ்மல் கான் சாலை. ஆண்டு முழுவதும் தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெரு மாதிரி இருக்கும். இதன் ஒரு பகுதியில் 2019இல் வாகனங்களுக்குத் தடை விதித்தார்கள். திங்கட்கிழமை கடைகளுக்கு விடுமுறை. அன்றைக்கு நடைபாதை வியாபாரிகள் தெருவை எடுத்துக்கொள்கிறார்கள். பேரம் பேசத் தெரிந்தவர்களுக்குத் திங்கட்கிழமைதான் உகந்த நாள்.

யார் இந்த அஜ்மல் கான்? ஸ்வெட்டர் வாங்கும் கூட்டத்தில் கேட்டால் பதில் கிடைப்பது கடினம். தில்லியின் பெரிய யுனானி வைத்தியக் குடும்பத்தில் வந்த ஹக்கீம். 1921இல் காங்கிரஸின் அகமதாபாத் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். யுனானியும் ஆயுர்வேதமும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்பட வேண்டும் என்று அவர் கனவு கண்ட திப்பியா கல்லூரி இந்தச் சாலையில்தான் இருக்கிறது. 1916 மார்ச் 29 அன்று அதற்கு அடிக்கல் நாட்டியவர் வைஸ்ராய் ஹார்டிஞ்ச். 1921 பிப்ரவரி 13 அன்று திறந்து வைத்தவர் காந்தி. ஐந்தே ஆண்டுகளில் நாடு எவ்வளவு தூரம் நகர்ந்திருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஆஸ்பத்திரிகள் பெருகுவது நாகரிகத்தின் அடையாளம் அல்ல என்று திறப்பு விழாவிலேயே காந்தி பேசியதை ஹக்கீம் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

கல்லூரியோடு ஓர் ஆராய்ச்சிக்கூடமும் வைத்தார் ஹக்கீம். அதைப் பொறுப்பேற்ற சலீமுஸ்ஸமான் சித்திகி என்ற இளம் வேதியியலாளர் சர்ப்பகந்தா வேரைப் பிரித்து ஆராய்ந்து 1931இல் ஒரு மருந்துப் பொருளைக் கண்டுபிடித்தார். தன்னை ஆதரித்த ஹக்கீமின் நினைவாக அதற்கு ‘அஜ்மலின்’ என்று பெயரிட்டார். 1927இலேயே இறந்துபோன ஹக்கீமுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. இதயத் துடிப்புக் கோளாறு ஒன்றைக் கண்டறியும் சோதனைக்கு டாக்டர்கள் இன்றும் அஜ்மலினைப் பயன்படுத்துகிறார்கள். சித்திகி பின்னர் பாகிஸ்தானுக்குப் போய் அந்நாட்டு அறிவியலின் தந்தை ஆனார். துணிக்கடைகளைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் கல்லூரியின் பழைய கட்டடங்கள். உள்ளே நுழைந்ததும் தெருச் சத்தம் பாதியாகக் குறைகிறது.

இன்னொரு கல்வி நிலையமும் கரோல் பாகில் பதினோரு ஆண்டு ஒண்டுக் குடித்தனம் இருந்தது. ஒத்துழையாமை இயக்கத்தின்போது அலிகாரில் தொடங்கப்பட்ட ஜாமியா மில்லியா, அங்கே தாக்குப்பிடிக்க முடியாமல் 1925இல் இங்கே வந்தது. காசில்லாத காலம். ஹக்கீம்தான் தூக்கி நிறுத்தினார். 1926இல் துணைவேந்தர் பொறுப்பை ஏற்ற ஜாகிர் உசேன் பிறகு ஜனாதிபதி ஆனார். 1936இல் ஜாமியா ஓக்லாவுக்குப் போய்விட்டது. வந்து தங்கி வேறிடம் போவது இந்தப் பேட்டையின் வழக்கம்.

1947இல் நடந்தது மட்டும் வழக்கமானதல்ல. செப்டம்பர் கலவரத்தில் கரோல் பாகின் முஸ்லிம்கள் உயிரோடு தப்பினால் போதும் என்று வெளியேறினார்கள். லாகூரிலிருந்தும் ராவல்பிண்டியிலிருந்தும் முல்தானிலிருந்தும் சிந்துவிலிருந்தும் அதே கதியில் தப்பி வந்தவர்கள் அந்த வீடுகளில் நுழைந்தார்கள். ஆள் முழுதும் மாறிய பிறகும் சாலைக்கு அஜ்மல் கானின் பெயர் நிலைத்தது. அகதிகளின் கடைவீதிக்கும் பிரிவினையைக் கடைசிவரை எதிர்த்த எல்லை காந்தி கான் அப்துல் கஃபார் கானின் பெயரையே வைத்தார்கள். நேர்மைக்குப் பேர்போன அந்த மனிதரின் பெயரில் உள்ள கஃபார் மார்க்கெட், பிற்காலத்தில் வெளிநாட்டுக் கடத்தல் சரக்குக்குப் பேர்போனது வரலாற்றின் குறும்பு. இன்றைக்கு செல்போன் உதிரிப் பாகங்களும் அசல் போலவே இருக்கும் போலிகளும். சென்னைக்காரர்களுக்கு இது புதிதல்ல. பர்மாவிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்களுக்காக உருவான பர்மா பஜாரின் கதையும் இதுதான்.

அகதிகள் கொண்டுவந்த சொத்து நாக்கில் இருந்தது. கடை பிடிக்க முதல் இல்லாதவனுக்கு ஓர் அடுப்பும் ஓர் அண்டாவும் போதும். சோலே பட்டூரே அப்படி வந்ததுதான். தமிழ்நாட்டு ஓட்டல்களில் ‘சோளா பூரி’ ஆகி, இது சோழர் காலத்துப் பலகாரமா என்று குழந்தைகளைக் கேட்க வைக்கிற அதே பண்டம். ஆனால் அதற்கும் இதற்கும் உறவு தூரத்து உறவு. இங்கே கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்து, தேயிலையோ உலர்ந்த நெல்லிமுள்ளியோ முடிந்த துணிப் பொட்டலத்தோடு வேகவைக்கிறார்கள். கடலை கறுத்துவிடும். புளிப்புக்குப் புளி அல்ல, உலர்ந்த மாதுளை விதைப் பொடி. பட்டூராவுக்கு மைதாவைத் தயிர் ஊற்றிப் பிசைந்து புளிக்க விடுகிறார்கள். எண்ணெயில் போட்டதும் பலூன் போல உப்பி எழும். ஊறுகாய், வெங்காயம், பச்சைமிளகாய், மேலே ஒரு தம்ளர் லஸ்ஸி. இரண்டு பட்டூரா உள்ளே போனால் மதியச் சாப்பாட்டை மறந்துவிடலாம். இதைக் காலை எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகும் பஞ்சாபிகளின் ஜீரண சக்தி வியப்புக்குரியது.

மாலையில் கோல்கப்பா, ஆலு டிக்கி. குளிர்காலமானால் கரியில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கை நறுக்கி எலுமிச்சம்பழம் பிழிந்து தருவார்கள். சிவப்பு கேரட் கிடைக்கும் மாதங்களில் கேரட் அல்வா. அஜ்மல் கான் சாலையின் ‘ரோஷன் தி குல்ஃபி’யில் எந்த மாதத்திலும் கூட்டம். சுண்டக் காய்ச்சிய பாலை உறையவைத்து, துண்டு போட்டு, மேலே சேமியா போன்ற ஃபலூதாவைக் கொட்டித் தருகிறார்கள். ஐஸ்கிரீமைப் போல வாயில் உடனே கரைவதில்லை. கொஞ்சம் மெல்ல வேண்டும். அதுதான் அதன் ருசி.

கரோல் பாகுக்கு ரயிலேறி வந்தவர்களில் தமிழர்களும் உண்டு. மத்திய சர்க்கார் உத்தியோகம் கிடைத்து கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய சுருக்கெழுத்தர்களும் குமாஸ்தாக்களும் பஞ்சாபி வீட்டுக்காரர்களின் மாடியில் ‘பர்ஸாத்தி’ பிடித்தார்கள். பர்ஸாத் என்றால் மழை. மொட்டை மாடியில் தூங்குகிறவர்கள் மழைக்கு ஒதுங்கக் கட்டிய ஒற்றை அறை அது. அதில் ஒரு ஸ்டவ், ஒரு காபி ஃபில்டர், ஒரு கயிற்றுக் கட்டில். கோடையில் வெந்து, குளிரில் விறைத்து, ஊருக்கு மணியார்டர் அனுப்பிய வாழ்க்கை. ஆதவனும் இந்திரா பார்த்தசாரதியும் எழுதிய தில்லியில் இந்த மனிதர்கள் நடமாடுகிறார்கள். மெஸ்கள் வந்தன. அப்பளமும் காபிப் பொடியும் மல்லிகைச் சரமும் விற்கும் கடைகள் வந்தன. 1923இல் ‘மதராசி’ என்ற பெயரோடு தொடங்கி, இன்று தில்லியில் ஏழு பள்ளிகளை நடத்தும் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று பூசா சாலையில் இருக்கிறது.

அந்தத் தமிழர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள். பதவி உயர்வு வந்ததும் ஜனக்புரிக்கும் மயூர் விகாருக்கும் துவாரகாவுக்கும் சொந்த ஃப்ளாட் வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள். பஞ்சாபிகள் அகதியாக வந்து கட்டடமாக நிலைத்தார்கள். தமிழர்கள் வாடகைக்கு வந்து வாடகையிலேயே போனார்கள். ஒரு சந்துக்குக்கூடத் தமிழ்ப் பெயர் விட்டுப்போகவில்லை.

காலியான இடம் காலியாக இருக்கவில்லை. பீடன்புராவின் இருண்ட மாடிகளில் வங்காளப் பொற்கொல்லர்கள் ஊதுகுழலோடு குனிந்திருக்கிறார்கள். நாய்வாலா சந்துகளில், சென்னை திருவொற்றியூரில் பிறந்த வம்சத்து புல்லட் மோட்டார் சைக்கிள்களை லடாக் போகிறவர்களுக்குப் பழுது பார்த்து வாடகைக்கு விடுகிறார்கள். வீடுகள் ஓட்டல்களாகி, ஓட்டல்கள் மேலே மேலே எழும்பி, வெளியேறும் வழிகள் குறுகின. 2019 பிப்ரவரி 12 விடியற்காலையில் இப்படிப்பட்ட ஓட்டல் ஒன்றில் தீப்பிடித்து 17 பேர் இறந்தார்கள். கரோல் பாகில் அறை எடுப்பவர்கள் வெந்நீர் வருமா என்று கேட்பதற்கு முன்னால் இன்னொரு படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று கேட்பது நல்லது.

தமிழர்கள் அடியோடு மறைந்துவிடவும் இல்லை. ஐ.ஏ.எஸ். தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் கரோல் பாகிலும் அடுத்துள்ள பழைய ராஜேந்தர் நகரிலும் இருக்கிறார்கள். 2024 ஜூலை 27 அன்று ராஜேந்தர் நகரில் ஒரு பயிற்சி நிலையத்தின் நிலவறை நூலகத்தில் மழைநீர் புகுந்து மூன்று பேர் மூழ்கி இறந்ததும், தமிழ்நாட்டின் பல வீடுகளிலிருந்து இரவோடு இரவாக இங்கே போன் பறந்தது. பழைய குமாஸ்தாக்களின் பர்ஸாத்தி இப்போது பிளைவுட் தடுப்பு வைத்து இரண்டாகவும் மூன்றாகவும் ஆகிவிட்டது. மதியம் மெஸ்ஸில் சாம்பார் ஊற்றிக்கொண்டே உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைப் பற்றி விவாதிக்கிறார்கள். தேர்வு முடிந்ததும், தேறினாலும் தேறாவிட்டாலும், அறையைக் காலி செய்துவிட்டுப் போகிறார்கள். அடுத்து வருகிற ஆளுக்குச் சுவரில் முந்தையவர் ஒட்டிய இந்திய வரைபடம் அப்படியே கிடைக்கும். வாடகை மட்டும் கூடியிருக்கும்.